பாதிக் குப்பி காற்று: த்ரெட்லாக்கர் பசை எத்தனை நாள் தாங்கும்?

பட்டறை இழுப்பறையைக் கிளறும்போது ஒரு சின்னச் சிவப்புக் குப்பி கையில் படுகிறது. போல்ட் மரையில் ஒரு சொட்டு விட்டு முறுக்கினால் அதிர்வுக்குக் கழலாமல் பிடித்துக்கொள்ளுமே, அந்த த்ரெட்லாக்கர் பசைதான். பலர் வாயில் அதற்கு லாக்டைட் என்றே பெயர், எந்த நிறுவனம் செய்திருந்தாலும். குப்பியில் அச்சிட்ட தேதி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே நீலத் திரவம் அசைகிறது. தூக்கிப் போடுவதா, இன்னும் பயன்படுத்தலாமா?

தேதியை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்தப் பசை குப்பிக்குள் ஏன் இறுகாமல் இருக்கிறது, மரைக்குள் போனதும் ஏன் இறுகுகிறது என்று தெரிந்துவிட்டால் எந்தக் குப்பி தேறும், எது தேறாது என்பதை நீங்களே சொல்லிவிடலாம். வீட்டுப் பட்டறையில் ஒரு குப்பி காலியாகப் பல வருடம் பிடிக்கும் என்பதால் இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

முதலில் போல்ட் ஏன் கழல்கிறது என்று பார்த்துவிடலாம். இறுக்கிய போல்ட் உண்மையில் ஒரு விறைத்த ஸ்பிரிங் மாதிரி. அது சற்றே நீண்டு, அந்த இழுவிசையால் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. நட்டைத் திரும்பவிடாமல் வைத்திருப்பது மரைகளுக்கு நடுவிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வுதான். பிடித்திருக்கும் பாகங்கள் பக்கவாட்டில் நழுவி ஆட ஆரம்பித்தால் அந்த உராய்வு கணத்துக்குக் கணம் விட்டுப்போகிறது, நட் மெல்ல மெல்லத் தானாகவே திரும்புகிறது. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-இல் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார். அவர் அமைத்த அதிர்வுச் சோதனை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. அந்தச் சோதனையில் நாம் நம்பிப் போடும் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக எதையும் தடுப்பதில்லை. மரைகளுக்கு இடையே இருக்கும் வெற்றிடத்தைப் பசை நிரப்பிக் கெட்டியாகிவிட்டால் நழுவவே இடம் இருக்காது. த்ரெட்லாக்கரின் வேலை அதுதான்.

ஆயுள் பிரச்சினையிலேயே பிறந்த பசை

இந்த வகைப் பசைக்குக் காற்றில்லாப் பசை என்று பெயர் வைக்கலாம். காற்று இல்லாத இடத்தில்தான் இறுகும் என்பது பொருள். மூலப்பொருள் மெத்தக்ரிலேட் வகையைச் சேர்ந்த திரவம். அதனுடன் கியூமீன் ஹைட்ரோபெராக்சைடு போன்ற ஒரு தொடக்கியும், சாக்கரின், அமீன் போன்ற ஊக்கிகளும் சிறிதளவு கலந்திருக்கும். இனிப்புக்குப் போடும் அதே சாக்கரின்தான்.

இரும்பு அல்லது செம்பு அயனி பட்டதும் பெராக்சைடு உடைந்து தனி உறுப்புகள் பிறக்கின்றன. தனி உறுப்பு என்றால் ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறுத் துண்டு. அது ஒரு மெத்தக்ரிலேட்டைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும். இப்படிச் சங்கிலி நீண்டு, குறுக்கே பின்னி, திரவம் கெட்டிப் பிளாஸ்டிக்காகிறது. ஆனால் பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அது வளரும் சங்கிலியின் முனையில் வந்து ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்கிவிடும். ஆக, இறுகுவதற்கு இரண்டும் வேண்டும்: உலோகம் இருக்க வேண்டும், ஆக்சிஜன் இருக்கக் கூடாது. இறுக்கிய மரையின் நடுவே இரண்டுமே அமைந்துவிடுகின்றன.

இந்த வேதியியல் முதலில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தெரியவந்தது. ஆனால் அவர்களிடம் இருந்த திரவத்தை இறுகாமல் வைத்திருக்க அதன் வழியே ஓயாமல் காற்றைக் குமிழியிட வேண்டியிருந்தது. அப்படி ஒரு பொருளைக் கடை அலமாரியில் வைத்து விற்க முடியாது. ஹார்ட்ஃபோர்ட் நகரின் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னன் கிரீபிள் 1953-இல் இதற்கு வழி கண்டார். பம்பு வைத்துக் காற்றை ஊத வேண்டாம், குப்பியில் இருக்கும் காற்றே போதும் என்கிற அளவுக்கு நிலையான கலவையை உருவாக்கினார். 1956-இல் அது பொதுவெளியில் அறிமுகமானது. அவர் தொடங்கிய நிறுவனம் 1963-இல் தன் பெயரையே லாக்டைட் என்று மாற்றிக்கொண்டது. 1997-இல் அதை ஜெர்மனியின் ஹென்கெல் வாங்கியது.

கிரீபிள் பசையை மட்டும் கண்டுபிடித்தார் என்று சொன்னால் பாதிக் கதைதான். குப்பிக்குள் நாள் தாங்கும் பசையைக் கண்டுபிடித்தார் என்பதே சரி. ஆயுள் பற்றிய நம் கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

குப்பி ஏன் பாதி காலி?

புதுக் குப்பியைத் திறந்தவுடன் ஏமாந்ததுபோல் தோன்றும். குப்பி பெரிது, சரக்கு பாதிதான். உண்மையில் அந்தக் காலி இடம் வேண்டுமென்றே விடப்பட்டது. அந்தப் பாதியில் இருக்கும் காற்றுதான் மீதிப் பாதியைத் திரவமாக வைத்திருக்கிறது. குப்பியின் சுவர் மெல்லிய பாலிஎத்திலீனால் ஆனது. அதன் வழியே ஆக்சிஜன் மெதுவாக உள்ளே கசியும். செலவான ஆக்சிஜன் இப்படித்தான் ஈடுகட்டப்படுகிறது. கண்ணாடிக் குப்பியில் இது நடக்காது. தகர டப்பாவைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அதன் உலோகமே பசையை எழுப்பிவிடும். சிவப்போ கருப்போ, ஒளி புகாத நிறம் கொடுத்திருப்பது புற ஊதாக் கதிர் உள்ளே போய் வேலையைத் தொடங்கிவிடாமல் இருக்க.

சூப்பர் குளூவுக்குப் பழகிய கை தவறு செய்யும் இடம் இதுதான். சூப்பர் குளூவுக்கு எதிரி ஈரப்பதம். அதனால் அதன் காற்றை வெளியேற்றி, இறுக மூடி, குளிர்ச்சியில் வைப்போம். அதே பழக்கத்தில் த்ரெட்லாக்கர் குப்பியையும் பிதுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பதாக நினைத்துக்கொண்டு அதன் மூச்சை நிறுத்துகிறார்கள். இரண்டு பெரிய குப்பிகளில் மிஞ்சியதை ஒரே சின்னக் குப்பியில் விளிம்புவரை ஊற்றி வைப்பதும் இதே தவறுதான். சரக்குக் குறையக் குறைய இந்தப் பசைக்குக் காற்று கூடுகிறது, அது நல்லதே. அடியில் கொஞ்சம் மட்டும் மிஞ்சிய குப்பி நெடுநாள் திரவமாகவே கிடப்பதற்கு இதுதான் காரணம்.

பசை எப்படிக் கெடுகிறது?

கெடுவதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் நேர் எதிர்த் திசையில் போகின்றன.

ஒன்று, குப்பிக்குள்ளேயே இறுகுவது. பெராக்சைடு தானாகவும் மெல்ல உடைந்துகொண்டேதான் இருக்கும். வெப்பம் கூடினால் வேகம் கூடும். பிறக்கும் தனி உறுப்புகளை ஆக்சிஜன் ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டிருக்கும். உள்ளே வரும் ஆக்சிஜனைவிட வேகமாக அவை பிறந்தால் திரவம் தடிக்கும், நூல் இழுக்கும், கடைசியில் ஜெல்லியாகும். இந்த வகைக் கெடுதல் கண்ணுக்குத் தெரியும் என்பதால் ஆபத்து குறைவு. ஜெல்லியானதை யாரும் போல்ட்டில் தடவப் போவதில்லை.

மற்றது, வீரியம் போவது. தொடக்கியும் ஊக்கிகளும் காலப்போக்கில் சிதைந்து குறைந்துவிட்டால் பசை பார்க்க அப்படியே இருக்கும். நிறமும் மாறாது, ஏனென்றால் நீலமும் சிவப்பும் வெறும் சாயம். மரைக்குள் விட்டால் மட்டும் பிடிக்க நேரம் எடுக்கும், அல்லது அரைகுறையாகப் பிடிக்கும். பயப்பட வேண்டியது இதற்குத்தான். காலாவதித் தேதி என்ற ஒன்று இருப்பதன் நியாயமும் இதுவே.

திறக்காத குப்பிக்குப் பெரும்பாலும் தயாரித்த நாளிலிருந்து ஏறக்குறைய 2 வருடம் கொடுப்பார்கள். பசையின் தொழில்நுட்பத் தகவல் ஏட்டில் எழுதிய பிடிப்பு, எழுதிய நேரத்தில், எழுதியபடி கிடைக்கும் என்று தயாரிப்பாளர் அந்த நாள்வரை உறுதி தருகிறார். மறுநாள் காலையில் பசை செத்துவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. தேதி தாண்டி மூன்று நான்கு வருடம் ஆன குப்பியை நானே சோதித்து, நன்றாக வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு கோடை முழுக்கத் தகரக் கூரைக்கு அடியில் கிடந்த குப்பி, தேதிக்குள்ளேயே தடித்துப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

அந்த உறுதியும் குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்திருந்தால் மட்டும்தான். லாக்டைட் ஏடுகள் 8 முதல் 21 டிகிரி செல்சியஸ் என்று சொல்கின்றன. 28 டிகிரிக்கு மேல் போனாலும் 8-க்குக் கீழே போனாலும் பசையின் குணம் கெடலாம் என்றும் எச்சரிக்கின்றன. பட்டறையிலேயே குளிர்ந்த, இருட்டான மூலைதான் இதற்குச் சரியான இடம். சன்னல் திட்டும், வெயிலில் நிற்கும் வண்டியின் கருவிப் பெட்டியும் கூடவே கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் நாள் தாங்காதா என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலான பெட்டிகள் 4 டிகிரி அளவில் ஓடுகின்றன, அது ஏடு சொல்லும் எல்லைக்குக் கீழே. அதோடு உணவு வைக்கும் பெட்டியில் இந்தப் பசைக்கு இடமே இல்லை. குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்த குப்பி எதுவானாலும் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்து, அப்புறம் திறக்க வேண்டும்.

வெப்பத்துக்கு அடுத்த பெரிய எதிரி நம் கைதான். குப்பியின் நுனியை எண்ணெய்ப் பிசுக்குள்ள மரையில் நேராக வைத்துத் தேய்க்கிறோம். நுண்ணிய இரும்புத் தூள் நுனியில் ஒட்டுகிறது. அழுத்திய கையை எடுத்ததும் குப்பி உறிஞ்சி அந்தத் தூளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உலோக அயனியில்தானே இந்தப் பசை விழிக்கிறது? ஒரு துளி தூரத்திலிருந்து சொட்ட விடுங்கள், நுனி உலோகத்தைத் தொடவே வேண்டாம். வழிந்து மிஞ்சியதைத் திரும்பக் குப்பிக்குள் விடாதீர்கள். அடைத்த நுனியைக் குத்த இரும்பு ஊசி வேண்டாம், பிளாஸ்டிக் குச்சி போதும். ஒரு குப்பியின் ஆயுளை நிர்ணயிப்பதில் அச்சிட்ட தேதியைவிட இந்த மூன்று பழக்கங்களுக்கே பங்கு அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சில வகைகளில் தடிப்பாக்கும் பொருள் கலந்திருக்கும். நெடுநாள் ஆடாமல் கிடந்தால் அது பிரிந்து நிற்கலாம். மேலே தண்ணீர் மாதிரியும் கீழே கூழ் மாதிரியும் தெரிந்தால் அவசரப்பட்டு எறிய வேண்டாம். நன்றாகக் குலுக்கிப் பார்த்து, ஒன்றுசேர்ந்துவிட்டால் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். குலுக்கியும் கட்டி கட்டியாகத் தெரிந்தால் அதன் கதை முடிந்தது.

பழி யார் மீது?

பழைய குப்பி பிடிக்கவில்லை என்ற புகாரில் பாதிக்கு மேல் குப்பியின் குற்றமாக இருக்காது என்பது என் எண்ணம். முதன்முதலில் ஒரு குப்பியை நான் வீணாக்கியது அப்படித்தான். ஒரு சொட்டை இரும்புத் தகட்டின் மேல் விட்டு, மறுநாளும் ஈரமாகவே இருந்ததைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று எறிந்துவிட்டேன். திறந்த தகட்டில் காற்று படும், எனவே எந்தக் குப்பியின் சொட்டும் அங்கே ஈரமாகத்தான் இருக்கும். நட்டின் விளிம்பில் வழிந்து நிற்கும் பசை மூன்று நாள் கழித்தும் பிசுபிசுப்பதற்கும் அதே காரணம். வெளியே ஈரம் இருப்பதை வைத்து உள்ளே என்ன நடந்தது என்று சொல்லவே முடியாது.

அடுத்தது உலோகம். சாதாரண இரும்பும் பித்தளையும் செம்பும் பசையை வேகமாக எழுப்பும். எவர்சில்வர், துத்தநாக முலாம், ஆனோடைஸ் செய்த அலுமினியம், டைட்டானியம் இவையெல்லாம் சோம்பல் உலோகங்கள். மேற்பரப்பில் போதுமான அயனி கிடைக்காததால் பசை மெதுவாகவே இறுகும். இப்படிப்பட்ட இடத்துக்கு ஆக்டிவேட்டர் என்ற தெளிப்பு தனியாகக் கிடைக்கிறது. செம்பு உப்புள்ள அந்தத் திரவத்தை முதலில் தெளித்து, காய்ந்ததும் பசையை விட்டால் பிடிப்பு விரைவில் வரும். லாக்டைட் 243 போன்ற பிற்கால வகைகள் இந்தச் சோம்பல் உலோகங்களையும் லேசான எண்ணெய்ப் பூச்சையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பழைய 242-க்கு மரை சுத்தமாக இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம் குளிர். அறை 5 டிகிரிக்குப் போனால் இறுகும் வேகம் வெகுவாகக் குறையும். ஏடுகளில் உள்ள நேரமெல்லாம் 22 டிகிரி சுற்றுவட்டத்தில் அளந்தவை. மரையில் இடைவெளி அதிகம் என்றாலும் இதே கதைதான், தேய்ந்து தளர்ந்த நட்டில் பசை நிறையும், ஆனால் நேரம் எடுக்கும். போன தடவை போட்ட பசையின் வெள்ளைத் தூள் மரையில் அப்படியே இருக்க, அதன் மேலேயே புதிதாக விடுவதும் பிடிப்பைக் குறைக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கரைப்பான் போட்டுத் துடைத்து, காயவிட்டு விடுவதே முறை.

சோதித்துப் பார்க்கும் விதம்

தொழிற்சாலைகளில் இதற்கென்று ஐ.எஸ்.ஓ. 10964 என்ற தரமுறை இருக்கிறது. போல்ட்டிலும் நட்டிலும் பசையிட்டு, இறுகவிட்டு, எவ்வளவு முறுக்குவிசையில் பிடி விடுகிறது என்று அளப்பார்கள். வீட்டில் அதன் சுருக்க வடிவத்தைச் செய்துவிடலாம்.

எம்8 அல்லது எம்10 அளவில் (அதாவது மரையின் விட்டம் 8 அல்லது 10 மில்லிமீட்டர்), முலாம் இல்லாத சாதாரண இரும்பு போல்ட்டும் நட்டும் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். அசிட்டோன் போட்டு எண்ணெய் போகத் துடைத்துக் காயவிடுங்கள். ஒரு ஜோடியில் மட்டும் பசையைத் தாராளமாக விட்டு நட்டை மரையின் நடுவரை ஓட்டுங்கள். போல்ட்டின் தலை வரைக்கும் கொண்டுபோய் இறுக்க வேண்டாம். இறுக்கிவிட்டால் நீங்கள் அளப்பது பசையின் பிடியா, இறுக்கத்தின் பிடியா என்று தெரியாமல் போகும். இரண்டையும் அறை வெப்பத்தில் 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். நடுத்தர வலுவுள்ள நல்ல பசை இரும்பில் கால் மணி நேரத்துக்குள்ளேயே கையால் திருப்ப முடியாதபடி பிடிக்கத் தொடங்கிவிடும், ஆனால் முழு வலு வர ஒரு நாள் வேண்டும்.

மறுநாள் பசையில்லாத நட்டை விரலால் சுழற்றிப் பாருங்கள், தாராளமாக ஓடும். பசையிட்டதை வைஸில் பிடித்து ஸ்பேனர் போடுங்கள். தேறிய பசை முதலில் அசையாது, பிறகு ஒரு சட்டென்ற முறிவோடு விடும், அதற்கப்புறமும் சுற்றச் சுற்றக் கரகரவென்று இழுத்துப் பிடிக்கும். வெள்ளைத் தூள் உதிரும். உடைந்த துண்டுகளும் மரையில் சிக்கி எதிர்க்கும் என்பதால் இந்த இரண்டாவது இழுப்பும் முக்கியம். எண் வேண்டும் என்பவர்களுக்கு: எம்10 இரும்பில் தாழ்ந்த வலுவுள்ள ஊதா நிற 222-க்குச் சுமார் 6 நியூட்டன் மீட்டர், நீல 243-க்குச் சுமார் 26 என்று தயாரிப்பாளர் பட்டியல் சொல்கிறது. 26 என்பது 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையை ஏறக்குறைய 10 கிலோ எடையால் அழுத்துவதற்குச் சமம். எம்8-இல் இது குறையும். வீட்டுச் சோதனையில் அந்த எண் அப்படியே வர வேண்டும் என்பதில்லை. ஆனால் விரலால் நட் திரும்பினாலோ, மரைக்குள் பசை இன்னும் ஈரமாக இருந்தாலோ அந்தக் குப்பிக்கு மறுவாய்ப்பு கொடுக்காதீர்கள். ஆக்டிவேட்டர் தெளித்து வீரியம் போன பசையை எழுப்பும் யோசனையும் வேண்டாம். அது சோம்பல் உலோகத்துக்கான மருந்து, செத்த பசைக்கானது அல்ல.

எவர்சில்வர் போல்ட்டில்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மூன்றாவதாக ஒரு எவர்சில்வர் ஜோடியையும் சேர்த்துச் சோதியுங்கள். இரும்பில் தேறிய பழைய பசை அங்கே தடுமாறலாம்.

சோதனையில் தேறிய பழைய குப்பியை எங்கே பயன்படுத்தலாம் என்பதில் நான் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறேன். மேசைக் கால், வைஸின் கைப்பிடி, துளையிடும் இயந்திரத்தின் உறை, புல்வெட்டியின் மூடி போன்றவற்றுக்குத் தாராளமாகப் போடலாம். கழன்றால் சத்தம் வரும், இறுக்கிவிடலாம். பிரேக், ஸ்டீயரிங், சக்கரம், ஆள் ஏறி நிற்கும் எதுவானாலும் தேதிக்குள் இருக்கும் புதுக் குப்பி மட்டும்தான், அதுவும் அந்த வண்டியின் கையேடு சொல்லும் வகைதான். அங்கே மிச்சம் பிடிக்கும் தொகை ஒரு சின்னக் குப்பியின் விலை, பணயம் வைப்பது ஒரு உயிர். பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பக்கத்தில் புதியதும் வேண்டாம், பழையதும் வேண்டாம். இறுகாத பசை பட்டால் அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விடும். கையில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், மெத்தக்ரிலேட் சிலருக்கு நிரந்தரத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும்.

வாங்கும்போதே கொஞ்சம் யோசித்தால் இந்தச் சோதனைக்கான தேவையே குறையும். ஒரு எம்8 போல்ட்டுக்குச் சில துளிகள் போதும். வருடத்துக்கு இருபது முப்பது போல்ட் பூட்டுபவருக்கு 50 மில்லிலிட்டர் குப்பி எதற்கு? 10 மில்லிலிட்டரே மிஞ்சும். வாங்கும் இடத்திலேயே தேதியைப் பாருங்கள், அலமாரியில் ஒரு வருடம் தூங்கிய குப்பி உங்கள் கைக்கு வரும்போது பாதி வாழ்ந்து முடித்திருக்கும். திறந்த நாளை அழியாத பேனாவால் குப்பியிலேயே எழுதிவிடுங்கள். உதட்டுச் சாயம்போல் குச்சி வடிவிலும் இந்தப் பசை வருகிறது. சிந்தாது, வழியாது, தலைக்கு மேலே கையை உயர்த்திப் பூட்டும் வேலைக்கு வசதி.

எப்போதாவது ஒரு போல்ட் மட்டும் பூட்டுபவர்களுக்கு இன்னொரு வழி, மரையிலேயே பசை பூசிக் காயவைத்த போல்ட். அதில் வினையைத் தொடங்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறைகளுக்குள் அடைபட்டிருக்கும். முறுக்கும்போது உறைகள் நசுங்கி உடைந்து பசை கலந்து இறுகும். தொட்டால் காய்ந்த பெயிண்ட் மாதிரி இருக்கும், பையில் எத்தனையோ நாள் கிடந்தாலும் தானாக விழிக்காது. ஆனால் ஒரு முறை முறுக்கிக் கழற்றினால் உடைந்த உறைகள் உடைந்தவைதான். அடுத்த தடவை அதே போல்ட்டைப் பூட்ட, மரையைத் துடைத்துவிட்டு மறுபடி குப்பியைத்தான் தேட வேண்டும்.